பன்னிக்கு எந்தத் தோட்டா? பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்!



ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை, சுங்குவார்சத்திரத்தில் இருந்து வாலாஜாபாத் வரை, ராத்திரி நேரத்தில் நம்ம வட்டாரத்தில் இரண்டு வெளிச்சம் தெரிகிறது. ஒன்று, கம்பெனிகளின் காம்பவுண்டு விளக்கு. அது விடிய விடிய எரியும். இன்னொன்று, ஏரிக்கரையிலும் வரப்பிலும் அலைகிற டார்ச் லைட்டு. அது பாட்டரி இருக்கிறவரைக்கும் எரியும். பாட்டரி தீர்ந்தால் பயிரும் தீர்ந்தது!

பகலெல்லாம் களையெடுத்து, மருந்தடித்து, தண்ணி கட்டிவிட்டு, ராத்திரி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பனியில் உட்கார்ந்திருப்பது எதற்காக? காட்டுப்பன்னிக்காக! திருடனுக்குப் பயந்து கதவைச் சாத்தலாம். கழனிக்குக் கதவு ஏது?

சங்கத்துக்கு வந்து அழுத ஒரு தாயின் கதையைச் சொல்கிறோம். அறுபது சென்ட் வேர்க்கடலை. விதைத்த வாரத்திலேயே பன்னி சால் பிடித்த மாதிரி வரிசையாக நோண்டி விதையைத் தின்றது. கடன் வாங்கி மறுபடி விதைத்தார். காய் முற்றுகிற நேரம் ஒரே ராத்திரி, கூட்டமாக வந்து மூக்கால் உழுதுவிட்டுப் போய்விட்டது. விடியக்காலையில் போய்ப் பார்த்தால் செடி ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். ஒரு அலுவலகத்துக்குப் போனார். "போட்டோ எடுத்தியாம்மா?" என்று கேட்டார்கள். அடுத்த அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லை" என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அந்தக் கொல்லையில் அடுத்த பயிரும் வைத்து எடுத்தாகிவிட்டது. சொல்லி அனுப்ப இன்னும் ஆள் வரவில்லை!

பன்னி பெருகியது எப்படி?

"காடு அழிஞ்சுது, பன்னி ஊருக்கு வந்துச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். நம்ம வட்டாரத்துக் கதை அது மட்டும் அல்ல. இங்கே புதிதாகக் காடு வளர்த்துவிட்டார்கள்! சீமைக்கருவேலங்காடு!

1990-களில் இருந்து இந்த மண்ணில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நிலம் எடுப்பதற்கென்றே 1997-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எடுத்த நிலத்தில் எல்லாம் கம்பெனி வந்துவிட்டதா? வந்த கம்பெனி எல்லாம் நிலைத்துவிட்டதா? 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் இழுத்து மூடப்பட்டதை இந்தப் பகுதியில் மறந்தவர் யார்? ஒதுக்கீடு ஆகாத மனைகள், ஒதுக்கியும் கட்டடம் எழும்பாத மனைகள், தரகர்கள் வேலி போட்டு விலை ஏறக் காத்திருக்கும் மனைகள் எங்கும் ஆள் உயரத்துக்கு சீமைக்கருவேலம். ஏரிகளின் உள்வாயிலும் அதே. பகலில் பன்னிக்கு அது நிழல், மறைவிடம், குட்டி போடும் பிரசவ அறை. உதிர்கிற கருவேலங்காய் தீனி. போதாததற்குக் கேன்டீன், ஹாஸ்டல் மிச்சத்தை ஒதுக்குப்புறத்தில் கொட்டுகிறார்கள். அதுவும் தீனி.

இந்தப் பக்கம் புலி கிடையாது, செந்நாய் கிடையாது. பன்னியை அடிக்க எந்த மிருகமும் இல்லை. பெட்டைப் பன்னி சினை பிடித்து நான்கு மாதத்துக்குள், ஏறக்குறைய 115 நாளில் ஈன்றுவிடும். ஈற்றுக்கு நாலு, ஆறு, சில நேரம் அதற்கு மேலும் குட்டி. நாம் சம்பா நட்டு அறுப்பதற்குள் பன்னி ஒரு போகம் எடுத்துவிடுகிறது! சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நமக்கு மூன்று பருவம். அதற்குப் பருவமே கிடையாது.

2022-ல் தமிழக அரசு அந்நியக் களைமரங்களை அகற்றக் கொள்கை அறிவித்தது. நல்லது. அந்தக் கொள்கை வனத்துறை எல்லையோடு நின்றுவிடக் கூடாது. தொழிற்பேட்டை மனையில் நிற்கிற கருவேலத்தை யார் வெட்டுவது?

டீக்கடையில் நடக்கும் பட்டிமன்றம்

எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுதான். "பன்னிக்கு எந்தத் தோட்டா கேட்கும்?" ஒருத்தர் நாட்டுத் துப்பாக்கி என்கிறார். ஒருத்தர் 12 போர் என்கிறார். பட்டாளத்தில் இருந்து வந்தவர் "ரைபிள் இல்லாம அதுக்கிட்ட போகாதே" என்கிறார். இது வெட்டிப் பேச்சு அல்ல. இதற்குச் சரியான பதில் தெரியாமல் போனால் சாவது பன்னி அல்ல, மனுஷன். அதனால் நமக்குத் தெரிந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம்.

நாட்டுத் துப்பாக்கி: வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கிற துப்பாக்கி. ஒரு தரம் சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். குறி நிச்சயம் இல்லை. அடிபட்டு விழாத பன்னி சுட்டவனைத் தேடி வரும். கொம்பன் பன்னியின் கோரைப்பல் தொடையைக் கிழித்தால் ஆஸ்பத்திரி போவதற்குள் ரத்தம் முழுக்கப் போய்விடும்.

.22 ரைபிள்: இரண்டரை கிராம் சொச்சம் ஈயம். குறி பார்த்துப் பழகுவதற்கு நல்லது. பெரிய பன்னியைக் காயப்படுத்தும், விழ வைக்காது. காயம்பட்ட பன்னி புதரில் புழுத்துச் சாகும், அல்லது காலையில் புல் அறுக்கப் போகிற நம்ம வீட்டுப் பெண்களை முட்டும்.

12 போர்: நம்ம பக்கத்தில் உரிமத்தோடு இருப்பது பெரும்பாலும் இதுதான். இதில் துப்பாக்கியைவிடத் தோட்டா முக்கியம். கொக்கு, காடைக்குப் போடுகிற சின்ன ரவை பன்னியின் தோலில் சொறிகிற மாதிரி. பன்னிக்கு எல்.ஜி. தோட்டா, அதாவது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஈய உருண்டைகள் கொண்டது. இல்லையென்றால் ஒற்றைக் குண்டுத் தோட்டா. எல்.ஜி. முப்பது, நாற்பது மீட்டருக்குள் வேலை செய்யும். அதைத் தாண்டினால் உருண்டைகள் பரவிப் போய்ப் பயனில்லை. கிட்ட வரவிட்டுத்தான் சுட வேண்டும். அதற்குப் பரணும் பொறுமையும் வேண்டும்.

.315 ரைபிள்: வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துத் தோட்டா ஜனங்கள் கையில் கிடைக்கக் கூடாது என்று .303-ஐத் தடை போட்டார்கள். அதற்குப் பதில் குடிமக்களுக்கென்று வந்தது இந்த .315. தோட்டா ஏறக்குறைய 16 கிராம். முனையில் ஈயம் தெரியும்படி விட்ட வகையைப் போட்டால் உடம்புக்குள் போய் விரிந்து அங்கேயே நிற்கும். முழுக்கச் செம்புக் கவசம் போட்டது பன்னியைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், தாழ்வாக ஒரே குண்டு விழுந்தால் பன்னி அங்கேயே சாயும். பன்னிக்கு ஏற்ற தோட்டா எது என்று மட்டும் கேட்டால் பட்டாளத்துக்காரர் சொன்னதுதான் சரி.

ஆனால் தோழர்களே, எந்த இடத்தில் சுடப்போகிறோம்? இதுதான் கேள்வி! தவறிய ரைபிள் தோட்டா உயர எழும்பிப் போனால் கிலோமீட்டர் கணக்கில் பறந்து போய் விழும். நம்ம கழனிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஆறுவழி ரோடு. ஷிப்ட் முடிந்து நம்ம பிள்ளைகளை ஏற்றிவரும் கம்பெனி பஸ். வடநாட்டில் இருந்து வந்த தொழிலாளர்கள் தூங்குகிற தகரக் கொட்டகை. பெண்பிள்ளைகள் தங்கியிருக்கும் ஹாஸ்டல். மலையடிவாரத்தில் மேட்டைப் பார்த்துச் சுடுவது போல இங்கே சமதரையில் சுட முடியாது.

ஆகவே இந்த வட்டாரத்துக்கு ஏற்ற பதில் இது: பெரும்பாலான கழனிகளில், பரண் மேல் இருந்து கீழ் நோக்கி, கிட்டத்தில், 12 போரில் எல்.ஜி. அல்லது ஒற்றைக் குண்டு. .315 என்றால் பின்னால் ஏரிக்கரையோ மண்மேடோ குண்டைத் தாங்கும்படி இருக்கிற இடத்தில் மட்டும். வானத்தைப் பார்த்த குழாயும், ரோட்டைப் பார்த்த குழாயும் கூடவே கூடாது. சுடுகிற இரவில் ஊருக்குத் தண்டோரா போட வேண்டும். சுடுகிறவன் பயிற்சி பெற்றவனாக இருக்க வேண்டும், குடிக்காதவனாக இருக்க வேண்டும்.

இவ்வளவு நிபந்தனை இருக்கிற வேலையை ராத்திரி தூக்கம் கெட்ட ஒரு விவசாயி தலையில் கட்ட முடியுமா? முடியாது! அதனால்தான் சொல்கிறோம், இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்க்கெட்டித் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி தேவைப்படும் என்று அந்தக் காலத்திலேயே பார்லிமெண்டு ஒப்புக்கொண்டது!

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கி உங்களுடையதாக இருந்தாலும், உரிமம் இருந்தாலும், உங்க கழனியிலேயே நின்றாலும், அனுமதி இல்லாமல் பன்னியைச் சுட்டால் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தத் திருத்தத்தில் காட்டுப்பன்னி இரண்டாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு கையால் துப்பாக்கியைக் கொடுத்து மறு கையால் விரலைக் கட்டிவிட்டார்கள். போதாததற்குத் தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்னிக்குத் தேர்தல் தேதி தெரியுமா?

அதே 1972 சட்டத்தின் 11-ஆவது பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்த வகை விலங்கு மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தானால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துப்பூர்வமாக உத்தரவிட்டு அதைச் சுடச் சொல்லலாம். நிலத்தில் நிற்கும் பயிரும் சொத்துதான் என்று அந்தப் பிரிவே விளக்கமாகச் சொல்கிறது. ஆக, சட்டம் தடுக்கிறது என்று கையை விரிக்கிற அதிகாரியிடம் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்!

ஒன்று, மூன்று: கிலோமீட்டர் கணக்கு

பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு உத்தரவு போட்டது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்திலேயே அறிவித்தார். காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்னியைச் சுடக் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மனுவைப் பார்க்கக் கிராம அளவில் குழு.

இதை நாம் முழுக்கக் குறை சொல்லவில்லை. சுட வேண்டியது அரசின் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதே நம்ம போராட்டத்தின் வெற்றி. ஆனால் காகிதத்தில் உள்ளது கழனிக்கு வர வேண்டுமே!

முதல் கேள்வி: எந்த ஊர் எந்த வட்டத்தில் வருகிறது? காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் காப்புக்காடு ஒரே துண்டாக இல்லை. ஏரிக்கும் ஊருக்கும் நடுவில் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு ஊரில் பாதிக் கழனி ஒரு வட்டத்தில், மீதிக் கழனி இன்னொரு வட்டத்தில் வரும். வரைபடம் எங்கே? எந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள்? பன்னி கையில் சர்வே நம்பரும் கிடையாது, பட்டாவும் கிடையாது. ஒரு ராத்திரியில் மூன்று வட்டத்திலும் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் கம்பெனி மனைக் கருவேலத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

இரண்டாவது கேள்வி: நடுவில் இருக்கிற வட்டத்தில் பன்னியைப் பிடிக்கக் கூண்டு எத்தனை இருக்கிறது? ஒரு தரம் கூண்டைப் பார்த்த பன்னி அடுத்த தரம் பக்கத்தில் வராது. பிடித்துக் காட்டில் விட்டதும் திரும்பி வராது என்று யார் ஜாமீன் கொடுப்பது?

மூன்றாவது கேள்வி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் யார் சுடுவது, எதைக் கொண்டு சுடுவது, எத்தனை நாளில் சுடுவது? வேர்க்கடலைக்கு வயசு நூற்றைந்து, நூற்றுப்பத்து நாள். மனுவின் வயசு அதைவிடக் குறைவாக இருந்தால்தான் பயன்!

எந்த ஆள்? எந்தத் தோட்டா? எந்தத் தேதி? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பதில் இல்லாத உத்தரவு வெறும் கண்துடைப்பு!

கரண்ட் கம்பி கட்டாதீர்கள்!

இப்போது நம்மவர்களிடமே கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மோட்டார் கொட்டகையில் இருந்து கம்பி இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டுகிற பழக்கம் பரவிவிட்டது. "பன்னிக்குத்தானே" என்கிறோம். 230 வோல்ட்டுக்குப் பன்னி யார், பக்கத்து நிலத்துக்காரன் யார் என்று தெரியாது. அதிகாலையில் மடை திருப்பப் போனவர், வயல் வழியே குறுக்குப் பாதையில் ஷிப்டுக்குப் போன பையன், மாட்டைத் தேடிப் போன பாட்டி என்று தமிழ்நாட்டில் வருஷா வருஷம் சாகிறார்கள். கட்டினவனே மறந்துபோய் மிதித்துச் செத்த கதைகளும் உண்டு. செத்தவன் விவசாயி. ஜெயிலுக்குப் போகிறவனும் விவசாயி. இரண்டு குடும்பமும் நம்ம குடும்பம்!

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் பன்னிக்குக் கட்டிய கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கம்பி கட்டிய விவசாயி கைதானார். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்து சினை யானை ஒன்று வாய் சிதைந்து தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்னிக்கு வெடி வைக்கிற பழக்கத்தால் வந்த வினை அது. உலகமே பார்த்துக் காறித் துப்பியது. துப்பியது யார் மேல்? விவசாயி மேல்!

நாட்டுவெடியும் அப்படித்தான். மாவு உருண்டைக்குள் வைத்த வெடியைப் பசுமாடு கடிக்கும். தெருநாய் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போடும். குழந்தை எடுத்து விளையாடும்.

சூரிய மின்வேலி வேறு விஷயம். அது விட்டு விட்டு நொடி நேரம் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும், விரட்டும், கொல்லாது. அதற்கும் 2023-ல் தமிழக அரசு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்துக்காரர்கள் அனுமதி வாங்கி, தரச்சான்று உள்ள கருவியை வைக்க வேண்டும். அரை காணி, ஒரு காணி வைத்திருப்பவன் அதற்குச் செலவு செய்ய முடியுமா? தனித்தனியாக முடியாது. பத்துக் கழனிக்குச் சேர்த்து ஒரே வேலி, அரசு மானியத்தோடு என்றால் முடியும். அதைக் கேட்போம். மோட்டார் கம்பியை இன்றைக்கே அவிழ்ப்போம்!

கரண்ட் கம்பி கட்டுகிறவனை நாம் கண்டிக்கிறோம். அதே மூச்சில் கேட்கிறோம்: அவனை அந்த நிலைமைக்குத் தள்ளியது யார்? நேரத்துக்கு வந்து சுட ஆள் இருந்தால் அவன் ஏன் கம்பியைத் தொடுகிறான்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கேரளத்தில் 2022 மே மாதம் அமைச்சரவை முடிவெடுத்து, ஊராட்சித் தலைவர் போன்ற உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கே பன்னியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். விஷம், வெடி, கரண்ட் மூன்றும் கூடாது என்று திட்டவட்டமாக எழுதினார்கள். மனு சென்னைக்குப் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. ஊரிலேயே முடிவு.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள் போதவில்லை என்ற குறை அங்கேயும் இருக்கிறது. ஆனால் உத்தரவு ஊருக்குப் பக்கத்தில் வந்தது. அதுதான் நாம் கற்க வேண்டியது.

"ஒரேயடியாகத் தொல்லை விலங்கு என்று அறிவித்துவிட்டால் என்ன?" என்று நம்ம சங்கத்திலேயே பலர் கேட்கிறார்கள். 62-ஆவது பிரிவில் மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு. 2015-ல் பீகாரிலும் 2016-ல் உத்தரகண்டிலும் ஓராண்டுக்குக் காட்டுப்பன்னியை அப்படி அறிவித்தார்கள். கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். பீகாருக்கு ஒரு நியாயம், கேரளத்துக்கு ஒரு நியாயமா என்று கேட்பது சரிதான்.

ஆனால் நம்ம வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். அப்படி அறிவித்தால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று ஆகிவிடும். கார் எடுத்துக்கொண்டு பட்டணத்தில் இருந்து வேட்டைக்காரன் வருவான். கறி வியாபாரி வருவான். வரப்புக்கு வரப்பு கம்பி ஏறும். ராத்திரி ஷிப்டு பஸ் மேல் குண்டு விழும். நமக்கு வேண்டியது வேட்டை அல்ல, காவல். ஆகவே இந்தப் பகுதிக்கு நாம் கேட்பது பொறுப்புள்ள ஆள், சரியான தோட்டா, குறித்த தேதி!

"வாயில்லா ஜீவனைக் கொல்லலாமா?" என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். காட்டில் இருக்கிற பன்னி மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அது காட்டின் சொத்து. புலிக்கும் சிறுத்தைக்கும் அது சாப்பாடு. காட்டுக்குள் போய்ச் சுடு என்று நாம் எங்கேயும் கேட்கவில்லை. கழனியில் சுடு, கணக்கு வைத்துச் சுடு, குட்டியோடு நிற்கும் பெட்டையை விட்டுச் சுடு என்கிறோம். கம்பியில் துடிதுடித்துச் சாவதையும் வெடியில் தாடை பிளந்து பத்து நாள் பட்டினி கிடந்து சாவதையும்விட, ஒரே தோட்டாவில் விழுவது அந்த ஜீவனுக்கும் மேல். அக்கறை உள்ளவர்கள் நம்மோடு சேர்ந்து இந்தக் கோரிக்கையை வைக்கட்டும்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் நாம் கும்பிடுகிற வள்ளி தினைப்புனம் காத்தவள். பயிர்க் காவல் நமக்குப் புதுசு அல்ல. ஆனால் வள்ளிக்குப் பரண் இருந்தது. நமக்கு உழுகிற கடனும், காவல் காக்கிற கடனும், செத்தால் கேஸும்தான் மிச்சம்!

கம்பெனிக்கு ஒரு வேகம், கழனிக்கு ஒரு வேகமா?

ஒரு கம்பெனி கேட்டால் ரோடு வருகிறது, தண்ணீர் வருகிறது, கரண்ட் வருகிறது. ஒற்றைச் சாளரம் என்கிறார்கள், ஒரே மேசையில் அத்தனை அனுமதியும் கிடைக்கிறது. 2022-ல் பரந்தூர் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். எத்தனை அதிகாரிகள், எத்தனை வேகம்! ஏகனாபுரத்து ஜனங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போராடினார்கள்.

நிலத்தை எடுக்க வருகிற அதிகாரிக்கு நம்ம ஊர் வழி தெரிகிறது. பன்னி தின்ற பயிரைப் பார்க்க வரச் சொன்னால் வழி தெரியவில்லையாம்! ஒற்றைச் சாளரம் கம்பெனிக்கு மட்டும்தானா? பயிரை இழந்தவனுக்கு ஏன் மூன்று அலுவலகம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பன்னித் தொல்லையில் பயிர் வைக்க முடியாமல் நிலத்தைத் தரிசு போட்டால் யாருக்கு லாபம்? அடுத்த வாரமே தரகர் வாசலில் நிற்கிறார். "சும்மா கிடக்குற நிலம்தானே, குடுத்துடுங்க" என்கிறார். பன்னி பாதி தின்கிறது, தரகு மீதியைத் தின்கிறது. கழனியைக் காப்பது என்பது இந்த வட்டாரத்தில் நிலத்தைக் காப்பதுதான்!

எமது கோரிக்கைகள்

1. எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எந்தக் கிலோமீட்டர் வட்டத்தில் வருகிறது என்ற வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகம்தோறும் ஒட்டு!

2. கிராமக் குழுவின் உறுப்பினர் பெயரையும் போன் நம்பரையும் அதன் பக்கத்திலேயே எழுதி வை! குழுவில் சிறு விவசாயிக்கும் பெண் விவசாயிக்கும் இடம் கொடு!

3. மனு கொடுத்த ஏழு நாளுக்குள் பார்வையிட்டு எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடு! மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கொடு!

4. இந்த வட்டாரத்துக்கென்று பயிற்சி பெற்ற வனத்துறைச் சுடும் குழு ஒன்றை நிரந்தரமாக நியமி! சரியான துப்பாக்கி, சரியான தோட்டா, இரவு விளக்கு, பரண் கொடு! சுடும் இரவில் போலீசும் ஊராட்சியும் கம்பெனிக் காவலர்களும் முன்கூட்டியே தகவல் பெற ஏற்பாடு செய்!

5. ஆள் போதாவிட்டால், கேரளத்தைப் போல, உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வனத்துறை மேற்பார்வையில் பயன்படுத்து! தோட்டாவுக்குக் கணக்கு வை, செலவை அரசே ஏற்றுக்கொள்!

6. சுட்ட பன்னியை ஊரார் முன்னிலையில் ஆழப் புதை! கறி வியாபாரத்துக்கு இடம் கொடுக்காதே!

7. தொழிற்பேட்டையில் சும்மா கிடக்கும் மனைகளிலும் ஏரி உள்வாயிலும் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்று! மனை வாங்கிப் போட்டவரிடம் அதன் செலவை வசூல் செய்! சாப்பாட்டு மிச்சத்தை வெட்டவெளியில் கொட்டுவதைத் தடை செய்!

8. பத்து விவசாயிகள் சேர்ந்தால் கூட்டுச் சூரிய மின்வேலிக்கு மானியம் கொடு!

9. பயிர் இழப்பீட்டை, நடந்த சேதத்துக்கும் செய்த செலவுக்கும் ஏற்ப, அடுத்த விதைப்புக்கு முன்பே கொடு! குத்தகை விவசாயிக்கும் கொடு!

என்ன செய்யப் போகிறோம்?

பெருமக்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராமசபை. அடுத்து வருகிற கிராமசபையில் ஊரே திரண்டு போக வேண்டும். "எங்கள் ஊரில் காட்டுப்பன்றியால் பயிர் சேதம், 2025 உத்தரவின்படி நடவடிக்கை வேண்டும்" என்று தீர்மானம் போட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.

சேதம் ஆன அன்றைக்கே செல்போனில் படம் எடுங்கள். பன்னியின் கால்தடம், நோண்டிய பள்ளம், வரப்போடு சேர்த்துக் கழனி எல்லாம் தெரியட்டும். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் நகல் வாங்குங்கள். மனுவை எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் ரசீது வாங்காமல் வராதீர்கள். ரசீதோடு சங்கத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு ஊரின் ரசீதையும் ஒன்றாகக் கட்டி, கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மேசை மேல் வைப்போம். ஒருத்தன் மனு குப்பைக்கூடைக்குப் போகும். ஊர் ஊராக வந்த மனுவை எந்தக் கூடையில் போடுவார்கள்?

அங்கேயும் பதில் வராவிட்டால், பன்னி தின்ற பயிரைத் தலையில் சுமந்துகொண்டு, பெண்கள் முன்னே செல்ல, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவோம். தகர டப்பாவைத் தட்டுவோம். கழனியில் பன்னி விரட்டத் தட்டுகிற அதே டப்பா! அதிகாரிகளின் தூக்கம் கலையட்டும்!

எந்தத் தோட்டா என்று இனிமேல் டீக்கடையில் நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டாம். அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்போம்!

எந்த ஆள்? எந்தத் தோட்டா? எந்தத் தேதி?
பதில் சொல்! பதில் சொல்!

கரண்ட் கம்பியை அவிழ்ப்போம்! நம்மவர் உயிரைக் காப்போம்!
கம்பெனிக்கு ஒற்றைச் சாளரம், கழனிக்கு மூன்று வாசலா? அனுமதியோம்!
விதைத்தவன் அறுக்க வேண்டும்! அறுக்கும் வரை காவல் அரசின் கடமை!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்
ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம்

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். பக்கத்துக் கழனிக்காரரிடம் கொடுங்கள்.)